நீலப் பலகையை விழுங்கிய வேலி

காலையில் சைக்கிள் வரும் சத்தம் கேட்டால் டெஸ்மண்ட் ஹாடோவுக்கு டீ தொண்டையில் இறங்காது. கோப்பையை அப்படியே வைத்துவிட்டு, வீட்டுச் செருப்போடு போய்த் தன் உயிர்வேலிக்குப் பின்னால் நிற்பார். சைக்கிள் வாசலை நெருங்கும் நேரம் பார்த்துத் தலையை வெளியே நீட்டி, "ரோட்டுல போடா" என்று ஒரு அதட்டல் போடுவார். வந்தவன் திடுக்கிட்டு ஆடிப்போய்க் காலை ஊன்றினால் அன்றைக்கு அவருக்கு டோஸ்ட் ருசிக்கும்.

ரோட்டில் போவதென்றால் என்னவென்று துறைமுக ஊரான ஸ்கார்பியில் எல்லோருக்கும் தெரியும். துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு கிளம்புகிற லாரிகள் அத்தனையும் டெஸ்மண்டின் தெருவான டாக் ரோடு வழியாகத்தான் போயாகவேண்டும். அந்தத் தெருவில் ரோட்டில் இறங்கிச் சைக்கிள் ஓட்டுகிறவன் ஒன்று வெளியூர்க்காரனாக இருப்பான், இல்லை வாழ்க்கை வெறுத்தவனாக இருப்பான். மற்றவர்கள் நடைபாதையில் ஏறி ஓட்டினார்கள்.

நடைபாதையில் ஓட்டுவது குற்றம். விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வருவதற்கும் முன்னால் எழுதிய சட்டம் அது. நடைபாதையில் குதிரை, கழுதை, பன்றி ஓட்டக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது என்கிறது. பிற்பாடு சைக்கிளும் வண்டிதான் என்று சேர்த்துக்கொண்டார்கள். டெஸ்மண்ட் இதை மனப்பாடமாக ஒப்பிப்பார். கழுதை என்ற இடம் வரும்போது எதிரே நிற்கிற சைக்கிள்காரனை மேலும் கீழும் பார்ப்பார்.

அவர் ஒப்பிக்காமல் விட்டது ஒன்று உண்டு. டாக் ரோட்டில் அவர் வீட்டுப் பக்கத்து நடைபாதையில் சைக்கிள் ஓட்டலாம். லாரிகள் பெருகியபோது நகரசபையே அதை நடப்பவருக்கும் ஓட்டுபவருக்கும் பொது என்று மாற்றி, தெருவின் இரண்டு கோடியிலும் கம்பம் நட்டு, வட்டமான நீலப் பலகை மாட்டியது. பலகையில் வெள்ளையாக ஒரு ஆள், ஒரு சைக்கிள். அவ்வளவுதான் சட்டம். பலகை இருந்தால் ஓட்டலாம், இல்லாவிட்டால் அபராதம். மறுகோடிப் பலகையை ஒரு லாரி சாய்த்துவிட்டுப் போனது. நகரசபை அதைத் திரும்ப நடவில்லை. அவர்களுக்கு ஆயிரம் வேலை, எதையும் செய்யாமலிருப்பது அதில் முதல் வேலை. இந்தக் கோடிப் பலகை டெஸ்மண்டின் வேலியை ஒட்டி நின்றது. வேலி அதை விழுங்கிவிட்டது.

தானாக விழுங்கவில்லை. அவர் விழுங்க விட்டார். ஸ்கார்பியில் ஒரு மனிதனின் யோக்கியதையை அவன் வேலியை வைத்துத்தான் எடைபோடுவார்கள். டெஸ்மண்ட் தன் வேலியின் தலையை மட்டப்பலகை வைத்துப் பார்த்து வெட்டுகிறவர். அப்படிப்பட்டவர் அந்த மூலையில் மட்டும் கத்தரி வைப்பதை நிறுத்திக்கொண்டார். அங்கே கிளை தடித்து, கம்பத்தைச் சுற்றிக்கொண்டு, பலகையின் முகத்தை மூடியது. அவர் அதற்கு உரமும் போட்டார் என்று பிற்பாடு தெருவில் பேசிக்கொண்டார்கள். போட்டிருப்பார்.

காரணம் ஏவ்ரில், அவர் மனைவி. ஒரு கோடைக்காலக் காலையில் பேப்பர் வாங்கப் போகிறேன் என்று வாசலைத் தாண்டிக் கால் வைத்தவளை, வேலியோரமாக வந்த சைக்கிள் இடித்துத் தள்ளியது. இடுப்பு எலும்பு முறிந்தது. ஓட்டிவந்தவன் காலேஜ் பையன். ஓடிப்போகவில்லை, ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். போலீஸ் வந்து பார்த்துவிட்டு, பலகை இருக்கிறது, பையன் மெதுவாகத்தான் வந்திருக்கிறான், வழக்குப் போட முடியாது என்று சொல்லிவிட்டது. டெஸ்மண்ட் அன்றைக்குத்தான் அந்தப் பலகையை நிமிர்ந்து பார்த்தார். மறுவாரத்திலிருந்து அந்த மூலையில் கத்தரி படவில்லை.

ஏவ்ரில் அதற்குப் பிறகு சரியாக நடக்கவில்லை. முன்னறையில் ஜன்னலோரம் கட்டிலைப் போட்டுப் படுத்துவிட்டாள். ஜன்னலில் தெரிந்ததெல்லாம் வேலியின் முதுகுதான், பகலிலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. தினமும் காலையில் வீட்டோடு வந்து பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஏஜென்சியிலிருந்து ஒருத்தி வந்து அவளைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, உடுத்திவிட்டுப் போகவேண்டும். டெஸ்மண்ட் ஒருமுறை துணியை நனைத்துக்கொண்டு பக்கத்தில் போனார். "உன் கை என் மேல படவேணாம், டெஸ்" என்றாள் ஏவ்ரில். கூச்சம் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஐம்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு என்ன கூச்சம் என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஏஜென்சிப் பெண்களையும் அவள் விட்டுவைக்கவில்லை. ஒருத்தியின் கை ஐஸ் கட்டி என்றாள். இன்னொருத்தி பேசிப் பேசியே கொல்கிறாள் என்றாள். மூன்றாவது ஆள்மீது டீக்கோப்பை பறந்தது. நகரசபையின் நலத்துறை அம்மாள் நேரில் வந்து முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போனாள். வீட்டுக்கு ஆள் வர மறுத்தால் ஏவ்ரிலை முதியோர் இல்லத்தில் சேர்ப்பதைத் தவிர வழி இல்லை. ஏவ்ரிலின் அம்மா அந்த இல்லத்தில்தான் கடைசியில் யாரையும் அடையாளம் தெரியாமல் கிடந்து செத்தாள். அந்தக் கட்டடத்தின் பேரைச் சொன்னாலே ஏவ்ரிலின் உதடு நடுங்கும். அவள் இல்லாத வீட்டை டெஸ்மண்டால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

அப்புறம் லோர்னா ஸ்டப்ஸ் வந்தாள். தடித்த உடம்பு, சத்தமான குரல், கைகள் மட்டும் பஞ்சு. ஏவ்ரில் அவளை முதல் நாளே திட்டினாள். லோர்னா, "வாயை மூடிக்கிட்டுக் கையைத் தூக்குங்க, ஏவ்ரில் கண்ணு. சோப்பு வாய்க்குள்ள போயிரும்" என்றாள். ஏவ்ரில் சிரித்துவிட்டாள். அன்று முதல் அவளைத் தவிர வேறு யாரையும் தொடவிட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

லோர்னா வந்ததோ சைக்கிளில், நடைபாதை வழியாக. டெஸ்மண்டுக்கும் அவளுக்கும் முதல் வாரமே முட்டிக்கொண்டது.

"என் வீட்டு வாசலுக்கே ஓட்டிக்கிட்டு வர்றியே, வெட்கமா இல்ல?"

"வாசல் எங்க இருக்கு மிஸ்டர் ஹாடோ? உங்க வேலில முட்டினாதான் தெரியுது. பாதிப் பாதையை அது தின்னுட்டு நிக்குது."

"வேலியப் பத்திப் பேசாத. ரோட்டுல வா."

"நீங்க ஒரு தடவ அந்த ரோட்டுல ஓட்டிக் காட்டுங்க. பின்னாடியே நான் மாலையோட வர்றேன்."

"அப்ப இறங்கித் தள்ளிக்கிட்டு வா."

"டாக் ரோடு முழுக்கத் தள்ளிக்கிட்டு வந்தா, அடுத்து நான் போகவேண்டிய வீட்டுப் பெரியவர் மத்தியானம் வரைக்கும் ஈரத்துலயே கிடப்பாரு. அவர்கிட்ட நீங்க போய்ச் சட்டம் சொல்லுங்க."

இப்படியே போனது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் ஒரே வீட்டில் நடமாடினார்கள்.

மாதத்துக்கு ஒருமுறை சர்ச் ஹாலில் போலீஸோடு டீ குடிக்கும் கூட்டம் நடக்கும். ஊர்க் கிழங்கள் எல்லாம் பிஸ்கட்டுக்காகவும் புகாருக்காகவும் வருவார்கள். கேவின் என்ற புதுப் பையன் வந்து உட்காருவான். அவன் முழுப் போலீஸ் இல்லை. தொப்பி உண்டு, கைது செய்கிற அதிகாரம் கிடையாது, அபராதச் சீட்டு எழுதிக் கொடுக்கலாம். அந்தக் கூட்டத்தில் டெஸ்மண்ட் எழுந்து நின்று சட்டத்தைக் கழுதையோடு சேர்த்து ஒப்பித்தார்.

கேவின் பணிவாகத்தான் சொன்னான். "சட்டம் சரிதான் சார். ஆனா லாரிக்குப் பயந்து ஒதுங்கி, ஜாக்கிரதையா ஓட்டறவங்களை விட்டுடச் சொல்லி மேலிடத்துல சொல்லியிருக்காங்க. கண்மூடித்தனமா ஓட்டறவனைத்தான் நாங்க பிடிக்கணும்."

"பயந்தவனுக்கு ஒரு சட்டம், பயப்படாதவனுக்கு ஒரு சட்டம்னு இருக்கா தம்பி?"

"அப்படி இல்ல சார்..."

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்றவளே அப்படித்தான் வர்றா. வந்து நில்லு. அவளையும் விடாத."

கிழங்கள் கை தட்டின. டெஸ்மண்ட் மார்பை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். சொந்த வீட்டுக்கு வருபவளையே விட்டுவைக்காத நேர்மை தன்னுடையது என்று அவருக்குப் பெருமை. மண்டையில் ஏறிய பெருமைக்கு யார் வைத்தியம் பார்ப்பது?

அந்த வாரமே கேவின் டாக் ரோட்டில் வந்து நின்றான். மறைவாக நிற்க டெஸ்மண்டின் வேலியைவிட நல்ல இடம் தெருவில் இல்லை. பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அதற்கு ஒரு முழம் தள்ளி நின்று, பலகை இல்லாத பாதையில் ஓட்டியதற்காகச் சீட்டு எழுதித் தள்ளினான். டெஸ்மண்ட் அவனுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தார்.

மூன்றாம் நாள் லோர்னா மாட்டினாள். மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் சீருடையையும் கழுத்தில் தொங்கிய அட்டையையும் பார்த்த கேவினுக்கு மனசு இளகியது. "இங்க பாருங்க, இந்தத் தடவ சும்மா சொல்லி விடறேன். இனிமேல்..." என்று அவன் தொடங்கும்போதே வாசல் கதவு திறந்தது.

"எழுது" என்றார் டெஸ்மண்ட்.

"சார், நான் பேசிட்டு இருக்கேன்."

"நேத்து வந்த பையனுக்கு எழுதினியே. இவளுக்கு ஏன் எழுத மாட்டே? நான் மேல புகார் பண்ணட்டுமா?"

கேவின் எழுதினான். அவன் காது சிவந்திருந்தது. லோர்னா சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு டெஸ்மண்டைப் பார்த்தாள். "நகருங்க. உங்க பொண்டாட்டி ஈரத்துல கிடக்கறாங்க" என்றாள்.

அன்றைக்கு அவள் ஏவ்ரிலோடு கேலி பேசவில்லை. சட்டைப் பொத்தானை அவள் தப்பான துளையில் மாட்டுவதைப் பார்த்து ஏவ்ரில் என்ன என்று கேட்டாள். "உங்க வீட்டுக்காரரைக் கேளுங்க" என்றாள் லோர்னா. ஏவ்ரில் கேட்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் லோர்னா ரோட்டில் இறங்கி ஓட்டிவந்தாள். ஒரு மீன் லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடி அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனது. லாரி நிற்கவே இல்லை. முழங்கை உரிந்து ரத்தம் வடிய, சேறும் சகதியுமாக வந்து, அந்தக் கையோடு ஏவ்ரிலைக் குளிப்பாட்டிவிட்டுப் போனாள். சாயங்காலம் ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. அந்தத் தெருவில் மேலே ஓட்டினால் அபராதம், கீழே ஓட்டினால் ஆபத்து. இனி அங்கே சைக்கிளில் ஆள் அனுப்ப மாட்டோம். லோர்னாவுக்கு வேறு தெரு கொடுத்தாயிற்று.

வியாழக்கிழமை காரில் ஒருத்தி வந்தாள். ஏவ்ரில் அவளைக் கிட்டவே சேர்க்கவில்லை. வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை. டெஸ்மண்ட் துணியும் வெந்நீருமாகக் கட்டிலருகே நின்றார். ஏவ்ரில் போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஏவ்ரில், பிடிவாதம் பண்ணாத. நாத்தம் அடிக்குது."

"அடிக்கட்டும்."

"திங்கக்கிழமை நலத்துறைக்காரி வந்து பார்த்தா உன்னை அங்க கொண்டுபோய்ப் போட்டுருவா."

"போடட்டும். அங்க ஜன்னல்ல வெளிச்சமாவது வரும்" என்றாள். ஆனால் அவள் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. டெஸ்மண்ட் வெந்நீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றினார். அவருக்குப் பயமாக இருந்தது.

அன்று மத்தியானம் லோர்னாவைத் தேடிக்கொண்டு போனார். இரண்டு தெரு தள்ளி, யாரோ வீட்டு வேலியில் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தாள். முழங்கையில் கட்டுப் போட்டிருந்தது.

"நீ திரும்ப வரணும்" என்றார்.

"ரோட்டுலயா, பாதையிலயா?"

"ஏஜென்சிகிட்ட நான் பேசறேன்."

"நீங்க பேசி என்ன ஆகும்? பாதையில ஓட்டலாம்னா வரலாம், இல்லேன்னா வராதன்னு அவங்க தெளிவாச் சொல்லிட்டாங்க. ஓட்டக் கூடாதுன்னு சொன்னது யாரு? தெருவுல நின்னு கத்தினது யாரு?"

"ஓட்டலாம்னு ஆயிட்டா வருவியா?"

"யார் ஆக்கறது? நீங்களா, ராஜாவா?" லோர்னா சாவியைப் பைக்குள் போட்டாள். "ஏவ்ரிலுக்காக வருவேன். அது பாவம். உங்க மூஞ்சிக்காக என்னைக்கும் வர மாட்டேன். அத மனசுல வெச்சுக்கங்க."

பலகை இருக்கிறது என்று அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. வீட்டுக்குப் போனார். தோட்டக் கொட்டகையில் வேலி வெட்டும் மெஷின் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை காலை ஏவ்ரில் டீயும் வேண்டாம் என்றாள். அவர் மெஷினை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார்.

கிளை கிளையாக விழுந்தது. முதலில் கம்பம் தெரிந்தது, பிறகு நீலம் தெரிந்தது. பாசி படிந்து, பறவை எச்சத்தோடு, ஒரு ஆளும் ஒரு சைக்கிளும். சட்டைக் கையால் அதைத் துடைத்தார். திரும்பினால் கேவின் நின்றுகொண்டிருந்தான். காவலுக்கு வந்தவன். அவன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது இங்கதான் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"உங்களுக்குத் தெரியுமா?"

டெஸ்மண்ட் மெஷினை அணைத்தார். "தெரியும்."

கேவினுக்கு முகம் கடுகடுத்துவிட்டது. பணிவெல்லாம் போன இடம் தெரியவில்லை. "எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கேன். ஒவ்வொருத்தர் வீட்டு வாசல்லயும் போய்த் தொப்பியைக் கழட்டிக்கிட்டு நிக்கணும் இப்ப. அந்தம்மாவ நான் விட்டுருப்பேன். நீங்கதான் எழுது எழுதுன்னு நின்னீங்க. உங்க டீயைக் குடிச்சேனே, என்னைச் சொல்லணும்."

"என் பொண்டாட்டியை இடிச்சுத் தள்ளினாங்க."

"அதுக்கு?"

கேவின் நடைபாதையின் அகலத்தைக் காலால் அளந்துகொண்டே வாசல்வரை நடந்தான். வேலி புடைத்துக்கொண்டு நின்ற இடத்தில் திரும்பினான்.

"இதையும் வெட்டுங்க. பாதையில பாதி உங்க வேலிதான் இருக்கு. இதுவும் குற்றம்தான். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான் சார், நீங்கதானே சொன்னீங்க? நான் இங்கயே நிக்கறேன்."

நின்றான். தெருவில் ஒவ்வொரு ஜன்னல் திரையாக விலகியது. அத்தனை கண்ணும் பார்க்க டெஸ்மண்ட் வாசல் பக்கத்து வேலியை வெட்டினார். பத்துப் பதினைந்து வருஷத்துக் கிளைகள். வெட்டச் சொல்லி யாரோ கெஞ்சிய ஞாபகம் அவருக்கு எங்கோ வந்து வந்து போனது. மெஷின் சத்தத்தில் அதை அமுக்கிக்கொண்டார். வெளியிலிருந்து எவனும் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்றுதான் அவர் அதை வளர்த்தது. இடுப்பு உயரத்துக்குக் குறைத்து முடித்தபோது முன்னறை ஜன்னல் முழுசாகத் தெரிந்தது. ஜன்னலுக்குப் பின்னால் ஏவ்ரில் படுக்கையில் முழங்கையை ஊன்றி எழும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் அவள் முகத்தில் விழுந்து கண் கூசியது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் அவளைப் பார்ப்பதைத் தவிர்த்தார்.

கேவின் ஏஜென்சிக்குச் சொல்லிவிட்டான். திங்கட்கிழமை காலை லோர்னா வந்தாள். நலத்துறை அம்மாள் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. டெஸ்மண்ட் ஜன்னலோரம் நின்றார். தெருமுனையில் சைக்கிள் திரும்பியது. ஏவ்ரில் கையைத் தூக்கி ஆட்டினாள். அவ்வளவு தூரத்திலிருந்தே லோர்னா அவளைப் பார்த்துவிட்டு மணியடித்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தபால்காரி டெஸ்மண்டின் வாசலிலிருந்து வெளியே கால் வைத்தாள். லோர்னா நாலு வீட்டுக்கு முன்னாலேயே பிரேக் பிடித்து, காலை ஊன்றி நின்றாள். தபால்காரி ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். தபால்காரி கடந்து போனாள். எதுவுமே நடக்கவில்லை.

"பாத்தியா டெஸ்?" என்றாள் ஏவ்ரில். குரலில் கோபம்கூட இல்லை. "ஆள் கண்ணுக்குத் தெரிஞ்சா நிக்கறாங்க."

டெஸ்மண்ட் தான் வெட்டிய வேலியைப் பார்த்தார்.

"விழறதுக்கு முந்தின வாரமும் சொன்னேன். வாசல் பக்கம் கொஞ்சம் வெட்டு டெஸ், யார் வர்றாங்கன்னு எனக்குத் தெரியல, வர்றவங்களுக்கு என்னைத் தெரியலன்னு. நீ பேப்பரை விட்டுத் தலையே தூக்கல." அவள் போர்வையை விலக்கிவிட்டு லோர்னாவுக்காகக் கைகளை நீட்டி வைத்துக்கொண்டாள். "அந்தப் பையன் அழுதுக்கிட்டே அதத்தான் சொன்னான். நான் பாக்கவே இல்ல, பாக்கவே இல்லன்னு. நீ அவனைத்தான் அடிக்கப் போனே."

வாசலில் சைக்கிளைச் சாத்தி வைக்கும் சத்தம் கேட்டது. லோர்னா உள்ளே வந்து, டெஸ்மண்டைத் தாண்டிப் போய், வெந்நீர் கேட்டாள். அவர் கொண்டுவந்து கதவருகே வைத்துவிட்டு வெளியே நின்றார்.